லவோனா உதைத்த கற்கள்

லவோனா ஹஸ்கெல் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து நொண்டிக் கழுதைப் பாதைக்குப் போய், வழி காட்டும் கல்லடுக்குகளை உதைத்துத் தள்ளிவிட்டு வருகிறாள். வெளியூர்க்காரர்கள் வழி தவறினால்தான் அவள் தம்பி தேய்னின் மீட்புக் குழுவுக்கு வேலை. வேலை இருந்தால்தான் குழுவுக்குப் புது ஜீப்.

இந்தச் செய்தி எனக்குப் பெட்ரோல் பங்கில், சோடா இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. சொன்னவர், வேறொருவர் சொல்லிக் கேட்டதாகச் சொன்னார். அந்த வேறொருவரைத் தேடிப் போய்க் கேட்டேன். "நீங்கதானே வெர்ன், போன மாசம் சொன்னீங்க" என்றார் அவர். சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்கவும் கூடும்.

எங்கள் ஊர் பெயர் பிட்டர் சீப். இங்கே முக்கால்வாசிப் பேர் காபி தொடமாட்டார்கள், தேவாலயச் சபை அனுமதிப்பதில்லை. ஆகவே எங்கள் ஊரில் வதந்தி சோடாவோடு, ஐஸ் போட்டுத்தான் பரிமாறப்படும். அதனால்தானோ என்னவோ, சீக்கிரத்தில் கெட்டுப்போவதில்லை.

வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை நிரப்புவது என் பிழைப்பு. இந்த வதந்தி அதற்குத் தாராளமாகப் போதும். ஒரே ஒரு இடம்தான் இடித்தது. தம்பிக்காக அக்கா பாடுபடுகிறாள் என்கிற இடம். லவோனாவும் தேய்னும் பேசி நாலு வருஷம் ஆகிறது. வாய்க்கால் தகராறு. அவள் முறை வந்த அன்று அவன் தன் மடையை அடைக்க மறந்துவிட்டான். மறந்தான் என்பது அவன் சொல்வது. அந்தக் கோடையில் அவளுடைய பீச் மரங்களில் பழம் கோலிக்குண்டு அளவுக்குத்தான் வந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இடது பக்கத்துப் பெஞ்சு, அவள் வலது பக்கத்துப் பெஞ்சு. அவன் ஏதாவது அறிவிக்க எழுந்தால் அவளுக்கு உடனே தாகம் எடுக்கும். தண்ணீர் குடிக்க வெளியே போய்விடுவாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாள். இன்று ஊரில் இளவட்டமாகத் திரிகிற யாரைக் கேட்டாலும், ஒரு தடவையாவது அவள் பஸ்ஸை நிறுத்தி நடுவழியில் இறக்கி நடக்க விட்ட கதை இருக்கும். அப்படி நடந்த ஒருவர் இப்போது எங்கள் மேயர். அவளை எதிரே கண்டால் இன்றும் சூயிங்கத்தை விழுங்கிவிடுகிறார். ஒரு முறை கல்யாணம் செய்து பார்த்தாள். மாப்பிள்ளை ஏர்கண்டிஷனர் ரிப்பேர் கற்றுக்கொள்ள லாஸ் வேகாஸ் போனார். அங்கே வெயில் ஜாஸ்தி, கற்றுக்கொள்ள நிறைய இருந்தது போலிருக்கிறது, திரும்பவில்லை. பஸ் ஓடாத நாட்களில் அந்தப் பாதையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. அவள் எடுத்துக்கொண்டது.

நேரே அவளிடமே போனேன்.

"நீ கல்லை உதைக்கிறியாமே?"

"ஆமா."

மறுப்பாள், அதை வைத்து ஒரு பத்தி ஓட்டலாம் என்று போனவனுக்கு இது பெரிய ஏமாற்றம்.

"எதுக்கு?"

"சனிக்கிழமை வா. காட்டுறேன். உன் தொப்பைக்கும் நல்லது."

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை நிற்கிறது. தூரம், ஏற்றம், எவ்வளவு தண்ணீர் கொண்டுபோக வேண்டும் எல்லாம் போட்டு, கடைசியில் 'நடுத்தரமான பாதை' என்று எழுதியிருக்கும். யாருக்கு நடுத்தரம் என்று எழுதவில்லை. ஆட்டுக்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை பலகைக்கு முன்னால் ஓர் அம்மாள் நின்று, அதைப் பரீட்சைத் தாள் மாதிரி படித்துக்கொண்டிருந்தார். அகலமான வைக்கோல் தொப்பி, இரண்டு கையிலும் ஊன்றுகோல். பெயர் ஆர்டிஸ். நெப்ராஸ்காவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

"இது எனக்கு ஆகுமாங்க?" என்று கேட்டார்.

"இந்தா நிக்கிறாரே, இவருக்கே ஆகும்னா உங்களுக்கு ஆகாதா" என்றாள் லவோனா, என்னைக் காட்டி.

"வழி தெரியுமா, போகப் போக?"

"கறுப்புக் கல்லா அடுக்கி வெச்சிருக்கும். அது போற பக்கம் போங்க. செவப்புக் கல்லு அடுக்கியிருந்தா நம்பாதீங்க. அது போட்டோ எடுக்க வர்ற புள்ளைங்க பண்ற வேலை."

"கறுப்பு சரி. செவப்பு தப்பு."

"அவ்வளவுதான். சீக்கிரம் போய்ட்டு வந்துடுங்க. ஆகஸ்ட் மாசம், மதியத்துக்கு மேல மழையை நம்ப முடியாது."

அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டு, கோலை ஊன்றி, சமையற்கட்டில் வரிசையை நேராக்கப் போகிறவர் மாதிரி விறுவிறுவென்று நடந்தார். நாங்கள் பின்னால் மெதுவாகப் போனோம். மெதுவுக்குக் காரணம் என் முழங்கால். லவோனா அதைப் பற்றிச் சொன்னதையெல்லாம் பத்திரிகையில் போட முடியாது.

கறுப்புக் கல் கீழே ஓடையில்தான் கிடக்கும். மேலே, வழுக்குப் பாறைவெளியில், கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு. ஒரு கறுப்புக் கல் கிடையாது. அங்கே ஒன்று இருக்கிறதென்றால், யாரோ சுமந்துகொண்டு வந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த யாரோ, லவோனாவின் அப்பா. மாடு மேய்த்த காலத்தில் கோவேறு கழுதை மேல் ஏற்றிக்கொண்டு வந்து அடுக்கினார். ஹஸ்கெல் குடும்பத்துக்கு அதில் இரண்டே சட்டம்: கறுப்புக் கல்லைத் தொடாதே, சிவப்புக் கல்லை விடாதே. போன வருஷம் யாரோ விளையாட்டாக அடுக்கிய சிவப்புக் கற்களை நம்பிப் போன ஒரு புதுமணத் தம்பதி, செங்குத்தான விளிம்பில் போய் நின்று, இறங்கவும் தெரியாமல் திரும்பவும் தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். தேனிலவுதான், ஆனாலும் அவர்கள் அதை விரும்பவில்லை.

ஆக, வதந்தியில் பாதி உண்மை. மீதிப் பாதியை என் கண்ணாலேயே பார்த்தேன்.

பாறைவெளி முடிகிற இடத்தில் பாதை ஓர் இடுக்குக்குள் இறங்கும். இரண்டு பக்கமும் நாலு ஆள் உயரச் சுவர்; கையை விரித்தால் இரண்டும் தட்டும். மேலிருந்து பார்த்தால் பாறையில் கத்தியால் கீறிய மாதிரி இருக்கும். அந்த இறக்கத்துக்குச் சற்று முன்னால் இடது பக்கமாக ஒரு வரிசை, சிவப்புக் கல்லடுக்கு. ஒன்று, அதற்கப்பால் ஒன்று, இன்னும் அப்பால் ஒன்று.

"பாத்தியா, கோயில் கட்டி வெச்சிருக்குதுங்க" என்றாள் லவோனா.

உதைத்தாள். அதைப் பார்க்கவேண்டும். இடுப்பில் கையை வைத்து, ஒரு அடி பின்வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல் காட்ட முடியாத முப்பது வருஷத்துக் கோபத்தையும் அந்த வலது காலில் இறக்கினாள். கற்கள் பாறையில் உருண்டு, இரண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தன. அடுத்ததற்குப் போனாள். அதற்கடுத்ததற்கும். நான் சிரித்துக்கொண்டே குறிப்பெடுத்தேன். கடைசி அடுக்கு கொஞ்சம் கெட்டியாக இருந்தது. இரண்டு உதை வாங்கியது. அவளுடைய பூட்ஸின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது.

"நல்ல வேலைக்காரன் கட்டினதுபோல இருக்கே" என்றேன்.

"வேலையத்தவன் கட்டினது" என்றாள்.

இறக்கத்துக்கு வந்தோம். கறுப்புக் கல்லடுக்கு அதன் இடத்தில் நின்றது. பக்கத்தில் ஒரு காய்ந்த கிளை குறுக்கே கிடந்தது. வெள்ளம் கொண்டுவந்து போட்டிருக்கும் என்று சொல்லி லவோனா அதை எடுத்து ஓரமாகப் போடக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"வெர்ன். மரத்தைக் காணோம்."

அந்த இடுக்கில் இறங்க ஒரு பழைய அடிமரம் சாய்ந்து கிடக்கும். எத்தனையோ வருஷமாகப் படிக்கட்டே அதுதான். இப்போது அது இல்லை. வழவழவென்று சரிந்த பாறை மட்டும் இருந்தது. உட்கார்ந்து சறுக்கினால் கீழே போகலாம். மேலே வர முடியாது. பிடித்து ஏற ஒரு நகக்குறி இல்லை. கீழே ஈர மணலில் பூட்ஸ் தடம், அதன் இரு பக்கமும் புள்ளி புள்ளியாக ஊன்றுகோல் தடம். உள்ளே போயிருந்தது. திரும்பி வரவில்லை.

லவோனா கிளையைப் பார்த்தாள். நாங்கள் வந்த பக்கம், அவள் உதைத்த இடத்தைப் பார்த்தாள். மறுபடியும் கிளையைப் பார்த்தாள்.

"வெள்ளம் கொண்டுவந்த கிளையில ரம்பம் போட்ட தடம் இருக்குமா?" என்று மெல்லக் கேட்டாள்.

இருக்காது. குறுக்கே கிளை கிடந்தால் வழி இல்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரோ அறுத்துக்கொண்டு வந்து போட்ட கிளை. யாரோ இடது பக்கமாகச் சுற்று வழி வைத்து, கல் அடுக்கிக் காட்டியிருக்கிறார்கள். கறுப்புக் கல்லைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்பதிலிருந்தே அது எந்தக் குடும்பத்து ஆள் என்று தெரிந்தது.

"ஆர்டிஸ்" என்று இடுக்குக்குள் கத்தினாள். அவள் குரலே திரும்பி வந்தது.

எங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகத்தான் இருந்தது. வடக்கே, உச்சி தட்டையான மேசைமலைக்கு மேலே, மேகம் அடியில் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே விழுகிற மழைக்கு இறங்கி வர வேறு வழி கிடையாது. எல்லாம் இந்த இடுக்குக்குத்தான் வரும்.

பாறைவெளியில் ஓர் உயரமான திட்டில் மட்டும் போன் எடுக்கும். ஏறினோம். தேய்னைக் கூப்பிடச் சொல்லி நான் போனை நீட்டினேன்.

"நீயே பேசு" என்றாள்.

"நான் பேசினா, பத்திரிகைக்கு ஏதோ வம்பு தேடுறேன்னு வெச்சிடுவான்."

வாங்கினாள். எண்ணை யோசிக்காமல் அழுத்தினாள். நாலு வருஷத்தில் விரல் மறக்கவில்லை.

"நான் லவோனா."

 அந்தப் பக்கத்திலிருந்து, எனக்கே கேட்கிற குரலில்: "சொல்லுங்க, சிஸ்டர் ஹஸ்கெல்."

எங்கள் சபையில் எல்லோரும் எல்லோருக்கும் பிரதர், சிஸ்டர்தான். ஆனாலும் கூடப் பிறந்தவளை அப்படிக் கூப்பிடத் தனியாக நெஞ்சழுத்தம் வேண்டும்.

"இடுக்குல இருந்த மரம் எங்க?"

"போன வார வெள்ளத்துல போயிடுச்சு. அந்தக் கோடியிலயும் பாறை விழுந்து அடைச்சிருக்கு, முன்னாடி குளம் மாதிரி தண்ணி. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் சொன்னேனே. நீங்கதான் தண்ணி குடிக்கப் போனீங்க." அந்த நேரத்தில் நான் கண்ணயர்ந்திருப்பேன்.

"ஒரு அம்மா உள்ள இறங்கிட்டாங்க."

"எப்படி இறங்குவாங்க? கிளை போட்டிருந்தேன். இடது பக்கம் வரிசையா கல்லு வெச்சிருந்தேன்."

"செவப்புக் கல்லு."

"ஆமா, செவப்புக் கல்லு. கறுப்பு சுமக்க என் முதுகு விடல. அதுக்கென்ன?"

"செவப்பை நம்பாதீங்கன்னு நான்தான் அவங்ககிட்ட சொன்னேன்." வாய் பிளந்த பூட்ஸைப் பார்த்தாள். "கல்லையும் உதைச்சிட்டேன்."

"எத்தனை?"

"கண்ணுல பட்டதெல்லாம்."

அந்தப் பக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம். "மேசைமலை மேல பாக்குறியா?" என்றான் தேய்ன். 'ங்க' போய்விட்டிருந்தது.

"கறுத்துக் கெடக்கு."

"கயிறு எடுத்துட்டு வண்டிப் பாதையில சுத்தி வர்றேன். ஆனா எனக்கு முன்னாடி தண்ணி வந்துடும். கேளு. விளிம்போட போ. ஒரு வளைவுல பாதி காஞ்ச ஜூனிப்பர் மரம் நிக்கும். அதுக்கு அடியில ஒரு வெடிப்பு. சின்ன வயசுல ஆட்டுக்குட்டிய தூக்கினோமே."

"அங்க போற சந்து எதுன்னு தெரியணுமே. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்."

"அதுக்குத்தான் கல்லு வெச்சேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அந்த விளிம்பில் நடப்பது என்றால், ரொட்டிகளை நிமிர்த்தி நெருக்கி அடுக்கிய தட்டுக்குள் எறும்பு நடப்பது மாதிரி. ஆளுயரப் பாறைச் சுவர்கள், நடுவே சந்து, மறுபடி சுவர், மறுபடி சந்து. ஒன்றுதான் சரியான இடத்துக்குக் கொண்டுவிடும். லவோனா தான் உதைத்த இடத்துக்கு ஓடி, குப்புற விழுந்து, பாறையைப் பக்கவாட்டில் பார்த்தாள். கல் உருண்ட இடத்தில் சிவப்பு மேல்தோல் உரிந்து வெளுப்பாகக் கீறல் இருந்தது. கீறலைப் பின்தொடர்ந்தால் உதைத்த இடம். உதைத்த இடத்தைக் கோத்தால் வரிசை. தன் காலின் வேலையைத் தானே தலைகீழாகப் படித்துக்கொண்டு போனாள். பூட்ஸின் அடிப்பாகம் ஒவ்வொரு அடிக்கும் தட் தட் என்று அடித்தது.

வரிசை முடிந்த இடத்தில் மூன்று சந்து.

"நடுவுல" என்றாள்.

நடுச்சந்தில் புகுந்தோம். அது குறுகி, வளைந்து, வெறும் ஆகாயத்தில் போய் முடிந்தது. கீழே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்போது முதல் இடி, தூரத்தில், யாரோ மேல்மாடியில் பீரோவை நகர்த்துகிற மாதிரி.

திரும்பி ஓடினோம். ஓடினோம் என்பதில் என் பங்கு கொஞ்சம் மிகை. லவோனா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.  

"கிடைச்சிடும், லவோனா."

"நான் சொல்லலைன்னா அந்தம்மா செவப்புக் கல்லைப் பாத்து சுத்திப் போயிருப்பாங்க" என்றாள். "கறுப்பு சரி, செவப்பு தப்புன்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போனாங்க, வெர்ன்."

கடைசிச் சந்தில் புகுந்தாள். இருபது அடி தாண்டியதும் எதிரே, முழங்கால் உயரத்தில், அவள் காலுக்குத் தப்பிய ஒரு சிவப்புக் கல்லடுக்கு நின்றது. லவோனா அதைத் தாண்டும்போது, குழந்தையின் தலையைத் தொடுவது போல் மேல் கல்லைத் தொட்டுவிட்டுப் போனாள். அதற்கப்பால் இன்னொன்று. அதற்கப்பால் ஜூனிப்பர்.

அந்த வளைவில் சுவர் இரண்டு ஆள் உயரம்தான்; விளிம்பில் படுத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"இங்க இருக்கேங்க" என்று கீழிருந்து குரல் வந்தது. நிதானமான குரல். "நடுத்தரமான பாதைன்னு போட்டிருந்தாங்களே?"

ஆர்டிஸ் குளத்துக்கு முன்னால் கொஞ்சூண்டு மணல் திட்டில் நின்றுகொண்டிருந்தார். தொப்பி இல்லை. உடம்பு இடுப்பு வரை நனைந்திருந்தது. குளத்தில் இறங்கி அடைப்பைத் தாண்டப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. இடுக்கின் உள்ளிருந்து ஒரு காற்று அடித்தது. குளிர்ந்த, மண் வாசனைக் காற்று. எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் அந்தக் காற்று என்னவென்று தெரியும். தண்ணீர் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வருகிற காற்று அது.

"உங்களுக்கு வலது கைப் பக்கம் ஒரு வெடிப்பு இருக்கு. கோலைப் போட்டுட்டு அதுக்குள்ள வாங்க" என்றாள் லவோனா. "நான் பாதி இறங்கி வர்றேன். நீங்க பாதி ஏறி வாங்க."

இறங்கத் தொடங்கினாள். முதல் படி, இரண்டாம் படி. மூன்றாவதில் பூட்ஸின் அடிப்பாகம் மடங்கி, கால் வழுக்கி, கன்னம் பாறையில் உரசி நின்றாள். அசைய முடியவில்லை. அந்தக் காலை நம்பி உடம்பை விட முடியாது. கழற்றி எறிந்து வெறுங்காலோடு இறங்கலாம் என்றால் அந்த வெடிப்பு முழுக்கக் கூர் விளிம்பு.

"என்னாச்சுங்க?" கீழிருந்து.

"பூட்ஸ் வாயைப் பொளந்துடுச்சு."

"கட்டக் கயிறு இருக்கா?"

"இல்ல."

"இருங்க."

அந்த அம்மாள் வெடிப்பின் அடியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, தன் இடது பூட்ஸின் கயிற்றை ஒவ்வொரு ஓட்டையாக உருவினார். காற்றுக்குப் பின்னால் இப்போது சத்தமும் வந்துவிட்டது. சரக்கு ரயில் ஒன்று சுரங்கத்துக்குள் நுழைகிற மாதிரி. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அவர் அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் முடிச்சு விழும் என்று தெரிந்த கை. உருவி, உருண்டையாகச் சுருட்டி, மேலே எறிந்தார். லவோனா ஒரு கையால் பிடித்தாள். பச்சைக் கயிறு. பாதத்தைச் சுற்றி மூன்று சுற்று, கணுக்காலில் ஒரு சுற்று, பல்லால் இறுக்கினாள். இறங்கினாள்.

நான் மேலே படுத்து லவோனாவின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டேன். அதனால் ஏதாவது பலன் இருந்ததா என்று கேட்காதீர்கள். லவோனா தன் தொடையை மடக்கிப் படி மாதிரி கொடுத்தாள். ஆர்டிஸ் அதில் கால் வைத்தார். அவள் தோளில் கால் வைத்தார். கயிறு இல்லாத பூட்ஸ் அந்த இடத்தில் கழன்று, கீழே மணலில் போய் உட்கார்ந்தது.

"என் பூட்ஸ்" என்றார்.

"விடுங்க."

"புதுசு."

"ஏறுங்கம்மா."

அவர் மேலே வந்து என் மேல் விழுந்தார். லவோனாவின் கை விளிம்பைப் பிடித்தபோது, மணல் திட்டு இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. தண்ணீர் என்று சொல்வது மரியாதைக்கு. சிவப்புக் கூழ், அதில் மரம், முள்வேலித் துண்டு, ஒரு கார் டயர். சுவர் அதிர்ந்தது எங்கள் வயிற்றில் தெரிந்தது. பூட்ஸை நான் பார்க்கவில்லை. ஆர்டிஸ் பார்த்ததாகச் சொன்னார்.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்தோம். லவோனா அழுதாளா என்று என்னைக் கேட்டார்கள், பிறகு ஊரில். மழை வந்துவிட்டது, யார் முகத்தில் எந்தத் தண்ணீர் என்று பார்த்து எழுதுகிற ஆள் நானில்லை.

"நான் தப்பா சொல்லிட்டேன்" என்றாள் அவள், ஆர்டிஸைப் பார்க்காமல். "செவப்பு சரியா இருந்துச்சு. அதை வெச்சது என் தம்பி."

"என்கிட்டயும் தப்பு இருக்கு" என்றார் ஆர்டிஸ். "கிளையைப் பாத்தேன். தாண்டினேன். சொன்னபடி செஞ்சே பழகிட்டேன்."

தேய்ன் தோளில் கயிற்றுச் சுருளோடு மழையில் வந்து சேர்ந்தான். எங்களை எண்ணினான். மூன்று என்று வந்ததும் சுருளைக் கீழே போட்டான். லவோனாவின் கன்னத்து ரத்தத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான்.

"நடப்பியா?"

"நடப்பேன்."

அவ்வளவுதான் பேசினார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு பேச்சு என்றால் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். எனக்குப் பத்தி நிரம்ப வேண்டாமா. ஆனால் வண்டிக்குப் போகிற வழியில் உதைபட்ட இடம் வந்தபோது தேய்ன் நின்று, ஒரு சிவப்புக் கல்லை எடுத்து வைத்தான். லவோனா அதன் மேல் இன்னொன்றை வைத்தாள். அவன் அதை எடுத்துத் திருப்பி, தட்டையான பக்கம் கீழே வரும்படி வைத்தான். அவள் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. அப்படியே நாலைந்து அடுக்கு.

மறுநாள் காலையில் பெட்ரோல் பங்கில் வதந்தி புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றது. லவோனா கல்லை உதைத்தாள், வெளியூர் அம்மாள் மாட்டிக்கொண்டார், தேய்னுக்கு வேலை கிடைத்தது. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. மறுத்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மறுக்க ஒரு வரி அகப்படவில்லை. "பாத்தீங்களா, நாங்க சொன்னோம்ல" என்றார் சோடா இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர். நானும் அவளோடுதான் போனேன் என்பதால், கூட்டுச் சதியில் எனக்கும் பங்கு உண்டு என்று மதியத்துக்குள் கேள்விப்பட்டேன். ஜீப் வந்தால் முன்சீட்டு எனக்காம்.

ஆர்டிஸ் சனிக்கிழமை மாலையே கிளம்பிவிட்டார். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் லவோனா கொடுத்த வீட்டுச் செருப்பு.

"உங்களுக்கு நான் ஒரு பூட்ஸ் தரணும்" என்றாள் லவோனா, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு.

"பூட்ஸைத் தண்ணிதான் கொண்டுபோச்சு. அதைத் தண்ணிகிட்ட கேட்டுக்கறேன்" என்றார் அவர். "நீங்க கயிறை மட்டும் அனுப்பிடுங்க. அது ஜோடி."

தன் போன் எண்ணை லவோனாவின் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். லவோனா வீட்டுக்கு வந்ததும், காயத்தில் மண் இருக்கிறதே என்று, அந்தக் கையாலேயே சோப்புப் போட்டு முகத்தைக் கழுவியிருக்கிறாள். எண்ணும் அதோடு போய்விட்டது.

நெப்ராஸ்கா நம்பர் பிளேட்டோடு எந்தக் கார் பங்கில் நின்றாலும் இப்போது பள்ளிக்கூடப் பஸ் பக்கத்தில் போய் நிற்கிறது. "ஆர்டிஸ்னு ஒருத்தங்க, ஸ்கூல் சமையல்ல இருந்தவங்க, தெரியுமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்கிறாள். பிள்ளைகளும் சேர்ந்து கேட்கின்றன. இதுவரை யாருக்கும் தெரியவில்லை. நெப்ராஸ்கா கொஞ்சம் பெரிய இடம் போலிருக்கிறது. கயிறு அவளிடம்தான் இருக்கிறது.